மசாஜ் செய்த பிறகு கெண்டைக்கால் வலி கூடுகிறதா?

ஓடிய மறுநாள் மசாஜ் செய்தால் வலி கூடுகிறது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம், அழுத்தத்தைக் குறையுங்கள்.

பழக்கமில்லாத தூரம் ஓடினால் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். அந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகும். அப்போது கட்டைவிரலால் ஆழமாக அழுத்தினால் நோகத்தான் செய்யும். ஓடும்போது தசையில் சேரும் லாக்டிக் அமிலம்தான் வலிக்குக் காரணம், அதைப் பிழிந்து வெளியேற்ற வேண்டும் என்று சொல்வதை நம்பாதீர்கள். அது ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே குறைந்துவிடும்.

நல்லெண்ணெய் தடவி, கணுக்காலிலிருந்து முழங்கால் நோக்கி உள்ளங்கையால் பத்து நிமிடம் மெதுவாக நீவிப் பாருங்கள். மறுநாள் படி இறங்குவது எளிதாக இருந்தால், சிக்கல் பழைய அழுத்தத்தில்தான்.

ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, சிவப்பு தெரிந்தால் கையே வைக்காதீர்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.