சிறுநீரக நோயுள்ள 12 வயதுக் காப்பகப் பூனையைத் தத்தெடுக்கலாமா?

காப்பகத்தில் பார்த்த 12 வயதுப் பெண் பூனை ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குச் சிறுநீரக நோய் இரண்டாம் நிலையில் இருக்கிறது, தினமும் ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வேண்டும், வாரத்தில் சில நாட்கள் தோலுக்கடியில் திரவம் ஏற்ற வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் இருவருமே வேலைக்குச் செல்பவர்கள். இது உங்களால் ஆகுமா என்பது முதல் கேள்வி. அழைத்து வந்த சில மாதங்களிலேயே அது இறந்துவிட்டால் என்ன செய்வது என்பது இரண்டாவது.

ஆகும் என்றே நினைக்கிறேன். இதே நோயோடு வந்த பூனை ஒன்றை அதன் இறுதிவரை பார்த்துக்கொண்டதையும், இப்போது நீரிழிவு உள்ள இன்னொன்றைப் பார்த்துக்கொள்வதையும் வைத்துச் சொல்கிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்ல, ஆகவே மருந்தின் அளவு எதையும் இந்தப் பதிலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். பகலில் வீட்டில் ஆள் இல்லாதது நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தடையல்ல. வயதான பூனை பகலின் பெரும்பகுதியைத் தூங்கியே கழித்துவிடும். உண்மையான சிரமம், செய்ய வேண்டிய வேலைகள் மிகச் சிறியவையாக இருந்தும் அவற்றுக்கு விடுமுறையே இல்லை என்பதுதான். காய்ச்சலாகப் படுத்திருந்தாலும், உறவினர் திருமணத்துக்குப் போக வேண்டியிருந்தாலும், மாத்திரை மாத்திரைதான். ஆகவே உங்கள் இருவரில் ஒருவர் மட்டும் ஆசைப்பட்டு, மற்றவர் ‘எனக்கு ஊசி என்றாலே பயம்’ என்று ஒதுங்கிக்கொள்வதாக இருந்தால் நான் யோசிப்பேன். இருவரும் எல்லா வேலையையும் கற்றுக்கொள்வதாக இருந்தால் தயங்க மாட்டேன்.

பலர் நோயுள்ள பூனையை ஒதுக்கிவிட்டு, அதே வயதில் ‘ஆரோக்கியமான’ ஒன்றைக் கேட்கிறார்கள். அதில் பெரிய பாதுகாப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பூனையின் சிறுநீரகம் தன் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழக்கும்வரை வெளிப்படையாக எதையும் காட்டாமல் இருக்கக்கூடியது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் உயரும்போது இழப்பு அதையும் தாண்டியிருக்கும். எனவே 12 வயதில் நோய் இல்லை என்று சொல்லப்படும் பூனை, பல சமயங்களில் இன்னும் பரிசோதிக்கப்படாத பூனை மட்டுமே. நீங்கள் பார்த்ததற்கு நோய் கண்டறியப்பட்டிருக்கிறது, மருந்து தொடங்கப்பட்டிருக்கிறது, அதற்கு உடல் எப்படி இணங்குகிறது என்பதும் ஓரளவு தெரிந்திருக்கிறது. இது அனுகூலம்தான்.

ஆனால் அந்த ‘இரண்டாம் நிலை’ என்ற சொல்லை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். ரத்தப் பரிசோதனை அறிக்கைகளையே கேட்டு வாங்குங்கள். உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் பின்பற்றும் வகைப்பாட்டில், கிரியேட்டினின் ஒரு டெசிலிட்டருக்கு 1.6 முதல் 2.8 மில்லிகிராம் வரை இருந்தால் இரண்டாம் நிலை, 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. இரண்டாம் நிலையில் உள்ள பூனைகளில் பல ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழ்கின்றன. நான்காம் நிலையில் பெரும்பாலும் வாரங்களும் மாதங்களுமே பேச்சு. ஒரே ஒரு அறிக்கை போதாது, சில வார இடைவெளியில் எடுத்த இரண்டாவது இருந்தால்தான் எண் நிலையாக நிற்கிறதா ஏறுகிறதா என்று தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள்: கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது, அதனால் மெலிந்து எலும்பு தெரியும் கிழப்பூனையில் அந்த எண் நோயைக் குறைத்துக் காட்டும். முதுகெலும்பை விரலால் தடவிப் பார்த்து, முடிச்சு முடிச்சாகத் தெளிவாகத் தட்டுப்பட்டால், சிறுநீரகத் திறனைக் காட்டும் எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையும் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். அது தசையின் அளவைப் பொறுத்து மாறுவதில்லை. சிறுநீரில் புரதம், ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம், தைராய்டு ஆகியவையும் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். தைராய்டை ஏன் சொல்கிறேன் என்றால், அது மிகையாகச் சுரக்கும் பூனையில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் அதிகரித்து, நோய் மறைந்தே இருக்கும். தைராய்டுக்கு மருந்து கொடுத்த பிறகுதான் வெளியே தெரியவரும்.

அறிக்கைகளைவிடப் பயனுள்ள தகவல் காப்பகத்தில் கூண்டைச் சுத்தம் செய்து உணவு வைப்பவரிடம் கிடைக்கும். மாத்திரையை எப்படிக் கொடுக்கிறார்கள், வாயைத் திறந்தா, உணவில் வைத்தா. எந்த உணவை முகர்ந்துவிட்டுப் போகிறது, எதை முழுவதும் தின்கிறது. வந்தபோது எடை என்ன, இப்போது என்ன என்று அவரிடம் கேளுங்கள். திரவம் ஏற்றும்போது நீங்களும் அருகில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். முடிந்தால் ஒருமுறை அவர்கள் முன்னிலையில் நீங்களே செய்து பாருங்கள்.

திரவம் ஏற்றுவதுதான் எல்லாரையும் மிரட்டும் பகுதி என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் பையை, பெரும்பாலும் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல், வெதுவெதுப்பான நீருள்ள பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். குளிர்ந்த திரவம் உள்ளே போனால் பூனை துடிக்கும், அடுத்த முறை பையைப் பார்த்தாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். பையை உயரத்தில் மாட்டி, குழாயில் உள்ள காற்று வெளியேறச் சில துளிகளைச் சிந்தவிட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள தளர்ந்த தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, அதன் அடிவாரத்தில் புதிய ஊசியை ஒரே சீராக நுழைக்க வேண்டும். தயங்கித் தயங்கிக் குத்துவதுதான் வலிக்கும். ஊசி மறுபக்கத்தில் வெளியே வந்துவிட்டால் ரோமம் நனைவதை விரலே சொல்லிவிடும், அப்படியானால் எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். சரியாகப் போனால் சில நிமிடங்களில் தோலுக்கடியில் ஒரு மெத்தென்ற வீக்கம் எழும்பும், நடக்கும்போது அது முன்னங்காலை நோக்கிச் சரியும். முதல் தடவை பார்ப்பவர்கள் பதறுவார்கள். சில மணி நேரத்தில் உடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். இதே நோயோடு வந்த என் பூனைக்கு மடியில் துண்டை விரித்து, நக்குவதற்கு ஏதாவது கொஞ்சம் வைத்தாலே போதுமாக இருந்தது, தலையைத் தூக்கியதில்லை. இதயக் கோளாறு உள்ள பூனைக்கு இந்தத் திரவமே ஆபத்தாகலாம். எனவே உங்கள் பூனையின் இதயத்தை யாராவது சோதித்திருக்கிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தூங்கும்போது நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு விடுவதாக எண்ணிக்கை வந்தால் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

ரத்த அழுத்த மாத்திரையை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. மேல் அழுத்தம் 160-ஐத் தாண்டி நீடித்தால் கண், மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவை பாதிக்கப்படும். விழித்திரை பிரிந்து ஒரே இரவில் பார்வை போன பூனைகள் உண்டு. உயர் ரத்த அழுத்தத்துக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் அம்லோடிபைன் மிகச் சிறிய மாத்திரை, பெரும்பாலும் நாளைக்கு ஒரு தடவை, ஆகவே வேலைக்குப் போகும் வீட்டுக்குச் சிக்கலில்லை. எந்த மாத்திரையைக் கொடுத்தாலும் பிறகு சிறிது தண்ணீரையோ ஈரமான உணவையோ உள்ளே செலுத்துங்கள். பூனையின் உணவுக்குழாயில் மாத்திரை அப்படியே தங்கிப் புண்ணாக்கிவிடும் வழக்கம் உண்டு. மாத்திரையைச் சிறுநீரக உணவில் ஒளித்து வைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். கசப்பு ஒருமுறை தெரிந்துவிட்டால் மாத்திரையோடு சேர்த்து அந்த உணவையும் அது வெறுத்துவிடும், அந்த உணவோ அதன் சிகிச்சையில் பாதி.

உணவைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவு ஆயுளை நீட்டிக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் காப்பகத்திலிருந்து வந்த முதல் வாரத்திலேயே பழைய உணவை நிறுத்திவிட்டுப் புதியதை நீட்டுவது, நல்ல எண்ணத்தில் செய்யப்படும் கெடுதல். புதிய வீடு, புதிய வாசனை, புதிய மனிதர்கள் என்ற கலக்கத்தில் இருக்கும் பூனை, அப்போது குமட்டலோடு சாப்பிட்ட உணவைப் பின்னர் நிரந்தரமாக ஒதுக்கிவிடும். அங்கே எதைத் தின்றதோ அதையே முதலில் கொடுங்கள். அது நிம்மதியான பிறகு, சில வாரங்களில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். கடைசிவரை மறுத்தால், சாதாரண உணவோடு பாஸ்பரஸைப் பிடித்து வைக்கும் மருந்தைச் சேர்ப்பது பற்றி மருத்துவரிடம் பேசலாம். சரியான உணவைத் தின்னாத பூனையைவிடச் சுமாரான உணவைத் தின்னும் பூனை மேல். இரண்டு மூன்று நாட்கள் எதுவும் தின்னாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து, அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். கிண்ணத்தருகே வந்து, உதட்டை நக்கி, முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவது பிடிவாதம் அல்ல, பெரும்பாலும் குமட்டல். அதற்கும் பசியைத் தூண்டுவதற்கும் மருந்துகள் இருக்கின்றன; பசிக்கான ஒரு மருந்தைக் காதின் உட்பக்கத்தில் தடவினாலே போதும்.

கைக்குழந்தைகளை நிறுக்கும் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கப்போகும் பொருட்களில் இதற்கு ஈடானது இல்லை. நான்கு கிலோ பூனை 400 கிராம் இழந்தால் அது உடலின் பத்தில் ஒரு பங்கு, ஆனால் தினமும் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. வாரம் ஒருமுறை ஒரே வேளையில் நிறுத்து எழுதி வைத்தால், அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு முன்பே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். மணல் பெட்டியில் சிறுநீர் பட்டு உருவாகும் மணல் கட்டிகள் வழக்கத்தைவிடப் பெரிதாகின்றனவா, மலம் வறண்டு உருண்டையாக வருகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். உடலில் நீர் குறைந்தால் மலச்சிக்கல் உடனே வரும். கழுத்து நிமிராமல் தாழ்ந்து தொங்குவதுபோல் இருந்தால் பொட்டாசியம் குறைந்திருக்கலாம், தாமதிக்காதீர்கள். பெட்டியின் விளிம்பு உயரம் குறைந்ததாக இருக்கட்டும், ஏனெனில் இந்த வயதில் மூட்டுத் தேய்மானம் இல்லாத பூனை அரிது. அதற்காக உங்கள் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும், வேறு பல வலி நிவாரணிகள் ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்தை முடித்துவிடும். லில்லிப் பூக்களும் வீட்டுக்குள் வரக் கூடாது.

வீட்டில் வேறு பூனை இருந்தால் முதல் இரண்டு வாரமாவது தனி அறை அவசியம். பூனைக்குப் பூனை தொற்றும் பூனை லுக்கேமியா, பூனை எய்ட்ஸ் இரண்டுக்கும் சோதித்த முடிவைக் காப்பகத்திடம் கேளுங்கள். வேறு பூனை இல்லாவிட்டாலும் தனி அறையோடு தொடங்குவது நல்லது. எவ்வளவு தின்றது, எவ்வளவு குடித்தது என்று அளக்க எளிது.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தத்தெடுக்கும் கட்டணம் ஒரு பொருட்டே அல்ல; உணவு, மாத்திரை, திரவம், சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை என்று தொடர்ந்து வருவதுதான் செலவு. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. சில காப்பகங்கள் இத்தகைய பூனைகளைத் தங்கள் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டு, மருத்துவச் செலவையும் ஏற்று, வளர்க்க மட்டும் வீடு தேடுகின்றன. அப்படி ஓர் ஏற்பாடு உண்டா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அது இல்லாவிட்டாலும், சில வாரம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல அனுமதிக்கிறார்களா என்று கேளுங்கள். நீங்கள் இருவரும் ஊருக்குப் போக வேண்டிய நாளில் ஊசி போட யார் வருவார் என்பதையும் அந்த வாரங்களிலேயே முடிவு செய்துவிடலாம். கிண்ணத்தை நிரப்பிவிட்டுப் போகும் அக்கம்பக்கத்தாரால் இந்த வேலை ஆகாது. பழகிய ஒருவர் இல்லையென்றால் மருத்துவமனையில் விட வேண்டியிருக்கும், கிழப்பூனைக்கு அது நல்லதல்ல.

இனி இரண்டாவது கேள்வி. இறந்துவிடலாம். இரண்டாம் நிலை என்பது நல்ல அறிகுறியே தவிர உத்தரவாதம் அல்ல. சிறுநீரகத்தில் கல் அடைத்தோ தொற்று ஏற்பட்டோ ஒரே வாரத்தில் நிலைமை தலைகீழாகலாம். ஆனால் இந்த நோயில் பெரும்பாலும் நடப்பது திடீர் மரணம் அல்ல. நல்ல வாரங்களுக்கு நடுவே கெட்ட நாட்கள் வரும், பிறகு கெட்ட நாட்களுக்கு நடுவே நல்ல நாட்களைத் தேட வேண்டியிருக்கும். எப்போது நிறுத்துவது என்ற முடிவு உங்கள் கையில்தான் வரும், அந்த நேரத்தில் யாராலும் தெளிவாக யோசிக்க முடியாது. அதனால் பூனை நன்றாக இருக்கும் இப்போதே, முதல் வாரப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்போதே, எந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால் கருணைக்கொலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் எழுதி வைத்திருந்தவை மூன்று: குமட்டல் மருந்துக்குப் பிறகும் தின்ன மறுப்பது, தன் ரோமத்தைத் தானே நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடுவது, திரவம் ஏற்றிய மறுநாளும் எழுந்து வராமல் கிடப்பது. மூன்றும் ஒரே வாரத்தில் வந்தபோது நானும் மருத்துவரும் அதிகம் விவாதிக்க வேண்டியிருக்கவில்லை.