மருத்துவச் சட்டம், மருத்துவ அறம்: சேலத்து நண்பர்களுக்குப் பதில்கள்

சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், ஒரு மருத்துவக் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டியில், அதாவது மனிதர்களிடம் செய்யும் ஆய்வு முறையானதா என்று பார்க்கும் குழுவில், சட்ட உறுப்பினராகவும் இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மேடம், மருத்துவச் சட்டம் என்றால் டாக்டர் மேல் கேஸ் போடுவதுதானே? இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது? (சட்ட மாணவி, அஸ்தம்பட்டி)

கேஸ் ஒரு பகுதிதான்மா. காசு வாங்கிக்கொண்டு தரும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அது வக்கீலுக்குத் தெரிந்தால் போதும். ஆராய்ச்சியாளருக்கு வேறு கேள்வி. 2008இல் வந்த சமீரா கோலி தீர்ப்பைப் படியுங்கள். பரிசோதனைக்கென்று மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லாதபோது அவர் கண்விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும், அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். நம் வீடுகளில் பெண்ணுக்குப் பதில் யார் யாரோ கையெழுத்துப் போடுகிறார்களே, அதை யோசித்தாலே ஆராய்ச்சிக்கு விஷயம் கிடைத்துவிடும்.

எந்த வழியில் போக வேண்டும்? சம்பளம்?

எல்எல்எம் என்ற சட்ட முதுகலை, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு, அப்புறம் பிஎச்டி. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி தொலைநிலையில் நடத்தும் மருத்துவச் சட்டம், அறம் டிப்ளமாவை வேலையில் இருந்தபடியே படிக்கலாம். வருமானம் ஆசிரியர் வேலையில்தான், கமிட்டிக் கூட்டத்துக்குப் போனால் கிடைக்கும் படியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஏற்காடு மலைக் கிராமத்தில் நர்ஸாக இருக்கிறேன். ஆய்வு என்று வருகிறவர்கள் ஊர்ப் பெரியவரிடம் கேட்டுவிட்டு எல்லோரிடமும் ரத்தம் எடுக்கலாமா?

கூடாது சிஸ்டர். பெரியவரிடம் கேட்பது மரியாதை, அது தேவையும்கூட. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளின்படி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்கியாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னால் படித்துக் காட்டி, புரிந்த பிறகுதான் கைநாட்டு. எங்கள் கமிட்டிக்கு ஒருமுறை வந்த தமிழ்ப் படிவத்தில் 'நீங்கள் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்படுவீர்கள்' என்று இருந்தது. கமிட்டியில் பொதுமக்கள் சார்பில் இருந்த பெரியவர், எங்கே ஒதுக்கப் போகிறார்கள் என்று பயந்துபோய்க் கேட்டார். 'எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல முடிவு செய்வோம்' என்று மாறி வரும்வரை மூன்று முறை திருப்பி அனுப்பினேன். என் வேலையில் பெரும்பகுதி இதுதான், இதைச் சின்ன வேலை என்று நான் நினைத்ததே இல்லை.

வென்டிலேட்டர் வேண்டாம் என்று அப்பா இப்போதே எழுதி வைக்கலாமா?

தாராளமாக. உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு அதை அனுமதித்தது, 2023இல் நடைமுறை எளிதானது. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று வாங்கினால் போதும், மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டாம். ஒரு நகலைக் குடும்ப டாக்டரிடம் கொடுத்து வையுங்கள்.

சேலத்தில் இருந்தே இந்தத் துறையில் வளர முடியுமா அக்கா?

பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வேண்டாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுப் போகலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியதே நம் சேலத்தில்தான். கருவில் ஆணா பெண்ணா என்று சொல்லத் தடை விதித்த சட்டம் 1994இல் வந்தது. இந்த இரண்டும் ஒரே மாவட்டத்துப் பெண்களின் வாழ்க்கையில் எப்படி இறங்கின என்று இங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும், எனக்கு அந்த ஆசை ரொம்ப நாளாக இருக்கிறது. தலைப்பு எடுத்தால் முதல் வரைவை எனக்கு அனுப்புங்கள், படித்துக் குறிப்பு எழுதித் தருகிறேன்.