ஒட்டிய காகிதமும் இடித்த நகரமும்: பிரெச்சியா பற்றிய கேள்வி பதில்

அர்ஜென்டினாவின் சித்திரக்கதை ஓவியர் அல்பெர்த்தோ பிரெச்சியாவின் (1919–1993) கொலாஜ் முறை, அதாவது தாளையும் புகைப்படத்தையும் வெட்டி ஒட்டிப் படம் உருவாக்கும் முறை பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இயன்றவரை விடை தந்திருக்கிறேன். முதலில் ஒரு வேண்டுகோள்: இவருடைய பக்கங்களைக் கைப்பேசித் திரையில் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒட்டிய தாளின் விளிம்பும் பிளேடால் கீறிய தடமும் அங்கே மறைந்துவிடும்.

கேள்வி: பிரெச்சியாவை நான் படித்ததே இல்லை. எதில் தொடங்கலாம்?

‘பெர்ராமுஸ்’ தொடரில். 1980களில் ஹுவான் சஸ்துராய்ன் எழுத, இவர் வரைந்தது.

கேள்வி: பிரெச்சியா வரைந்து 1969இல் வந்த ‘எல் எதெர்னவுத்தா’ சித்திரக்கதை வாசகர்களிடம் தோற்றது கொலாஜ் பாணியாலா, அரசியலாலா?

இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே என் கருத்து. எக்தோர் ஊஸ்டர்ஹெல்ட் எழுத, சொலானோ லோபெஸ் 1957 முதல் 1959 வரை வரைந்த முதல் வடிவத்தில், புவனோஸ் ஐரிஸ் நகரின் மேல் கொல்லும் பனி பொழிகிறது. அந்த நகரத்தின் தெருக்களையும் ரிவர் பிளேட் விளையாட்டரங்கையும் உள்ளூர் வாசகர் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டார். 1969இல் ‘ஹெந்தே’ வார இதழுக்காக ஊஸ்டர்ஹெல்ட் அதே கதையைத் திரும்ப எழுதியபோது நாட்டில் ஒங்கானியாவின் ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில்தான் கோர்தோபா நகரத்துத் தொழிலாளரும் மாணவரும் வீதிக்கு வந்தனர். புதிய வடிவத்தில் வல்லரசுகள் தங்களைக் காத்துக்கொள்வதற்காகத் தென் அமெரிக்காவை வேற்றுலகப் படையெடுப்பாளரிடம் ஒப்படைத்துவிடுகின்றன. இந்தத் துரோகத்தைத் தெளிவான கோடுகளில் வரைந்திருந்தால் அது வழக்கமான சாகசக் கதையாகவே நின்றிருக்கும். பிரெச்சியாவோ மனித முகங்களைக் கூர்மையாகத் தீட்டிவிட்டு, அந்தப் படையெடுப்பாளரைக் கறையாலும் சொரசொரப்பான தடங்களாலும் உருவாக்கினார். தங்கள் நகரமே அடையாளம் அழிந்து கிடப்பதைக் கண்ட வாசகர்கள் புரியவில்லை என்று எழுதினார்கள். இதழ் தொடரைச் சுருக்கி முடித்தது.

கேள்வி: அப்படியென்றால் 1976க்குப் பின் நடந்ததை இவர்கள் முன்பே கண்டுவிட்டார்கள் அல்லவா?

இல்லை. 1976 மார்ச் 24 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஊஸ்டர்ஹெல்ட் 1977இல் கடத்தப்பட்டார். அவருடைய நான்கு மகள்களும் காணாமல் ஆக்கப்பட்டனர். இந்தத் துயரத்தின் கனம் காரணமாகவே பலர் 1969இன் பக்கங்களைத் தீர்க்கதரிசனமாகப் படிக்கிறார்கள். ஆனால் ஊஸ்டர்ஹெல்டும் பிரெச்சியாவும் தங்கள் கண்முன் இருந்த ஆட்சியைப் பற்றித்தான் எழுதி வரைந்தார்கள். அந்தத் துணிவுக்குரிய மதிப்பை ஜோதிடத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: வரைய முடியாத இடத்தில் புகைப்படத்தை வெட்டி ஒட்டுவது சோம்பல்தானே, ஐயா? வேறொரு உறுப்பினரோ, கொலாஜ் என்றாலே எதிர்ப்புக் கலை என்கிறார்.

இருவருக்கும் மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரெச்சியா வரைந்த ‘மோர்ட் சிண்டர்’ (1962–64) பக்கங்களைப் பாருங்கள். தூரிகையால் எதையும் வரையக்கூடிய கை அது. அப்படிப்பட்டவர் ஒரு தாள்துண்டை ஒட்டும்போது, தன் கைக்கு அடங்காத ஒரு பொருளைக் கட்டத்துக்குள் அனுமதிக்கிறார். செய்தித்தாள் படத்தின் அச்சுப் புள்ளிகள் பக்கத்திலிருக்கும் மைப்பூச்சோடு கலப்பதே இல்லை. அளவும் ஒளியும் முரண்படுகின்றன. கண் அந்த விளிம்பில் இடறுகிறது, அந்த இடறலுக்காகவே அவர் ஒட்டுகிறார்.

ஆனால் இடறல் தன்னளவில் எதிர்ப்பாகிவிடாது. விளம்பரக்காரர்களும் இதையே செய்து சோப்பு விற்கிறார்கள். எந்தப் பொருள், எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. பிரெச்சியாவின் நாட்டவரான ஓவியர் அந்தோனியோ பெர்னி, 1950களின் இறுதியிலிருந்து ஹுவானித்தோ லகூனா என்ற சேரிச் சிறுவனைப் படைத்தபோது, தகரம், பலகை, அட்டை ஆகிய சேரிக் கழிவுகளையே சித்திரத்தில் பொருத்தினார். ஊரகத்திலிருந்து வந்தவர்களால் பெருகிய நகரம் எதைத் தூக்கி எறிந்ததோ, அதுவே அவனுக்கு உடலானது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் ‘கொலாஜ் அரசியல்’ என்று பேசுவது வெறும் கோஷம்.

கேள்வி: நகர மாற்றத்துக்கும் அரச வன்முறைக்கும் நேரடித் தொடர்பு இருந்ததா?

இருந்தது. 1978 உலகக் கோப்பைக்கு முன்பு ராணுவ ஆட்சி சேரிகளை இடித்து மக்களை அப்புறப்படுத்தியது. நகரின் குறுக்கே விரைவுச்சாலைகளையும் எழுப்பியது. ‘கிளப் அத்லெத்திகோ’ என்ற ரகசியத் தடுப்பு முகாம் 1977இல் இயங்கியது. பின்னர் அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டு, அவ்விடத்தின் மேல் மே 25 விரைவுச்சாலை போடப்பட்டது. 2002இல் தொடங்கிய அகழாய்வில் அதன் அடித்தளம் சாலைக்குக் கீழிருந்து வெளிப்பட்டது. பிரெச்சியா இந்த முகாமை வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. ‘பெர்ராமுஸ்’ நாயகன் தோழர்களைக் கைவிட்டு ஓடி, நினைவை இழந்து, தான் அணிந்த மழைக்கோட்டின் பெயரையே தன் பெயராக்கிக்கொள்பவன். அவன் நடக்கும் சாந்தா மரியா நகரில் ராணுவத்தினருக்கு மண்டையோட்டு முகம். சாம்பல் பூச்சுகளின் மேல் ஒட்டுத் துண்டுகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. எதுவும் வழவழப்பாக மூடப்படவில்லை.

கேள்வி: ஊஸ்டர்ஹெல்ட் தன் முடிவை 1969லேயே உணர்ந்திருந்தாரா?

மேலே மூன்றாம் பதிலைப் படியுங்கள். இதே கேள்வியை இன்னும் நால்வர் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி: நம் இரும்புக்கை மாயாவிக்கும் இவர்களுக்கும் உறவு உண்டா?

தூரத்து உறவுதான். மாயாவி பிரிட்டனின் ஃப்ளீட்வே நிறுவனத்துக் கதை; சொலானோ லோபெஸும் 1960களில் அந்நிறுவனத்துக்கு வரைந்தார். கொலாஜுக்கு அங்கே இடமில்லை.

கேள்வி: கணினியில் இதே விளைவைப் பெற எந்த மென்பொருள் நல்லது?

என் துறை அன்று. வடிவமைப்பு தெரிந்த உறுப்பினர்களைக் கேளுங்கள்.

கேள்வி: பிரெச்சியாவுக்குப் பிறகு எதைப் பார்க்க வேண்டும்?

சித்திரக்கதைக்கு வெளியே செல்ல வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி 1984இல் வெளிவந்த ‘நுன்கா மாஸ்’ விசாரணை அறிக்கையை, ‘பாஹினா 12’ நாளிதழ் 1995இல் பகுதி பகுதியாக மறுபதிப்பு செய்தது. அதற்கு ஓவியர் லெயோன் பெர்ராரி உருவாக்கிய கொலாஜ்களில், தேவாலய ஓவியங்களின் நரகக் காட்சிகளும் ராணுவத் தளபதிகளின் புகைப்படங்களும் ஒரே தாளில் நிற்கின்றன. அவருடைய மகன் ஆரியல் 1977இல் காணாமல் ஆக்கப்பட்டவர். அறிக்கையின் சாட்சியங்களோடு சேர்த்தே அவற்றைப் பாருங்கள். தனிப் படங்களாகப் பார்க்க வேண்டாம்.