ஷூ கடித்தால் பழி காலுக்கா?

கே: நடைப்பயிற்சிக்கு வாங்கிய ஷூ சுண்டுவிரல் பக்கம் கடிக்கிறது. "போகப் போகச் சரியாகிவிடும்" என்றார் விற்பனையாளர். ஒரு மாதமாகிறது. இன்னும் எவ்வளவு போக வேண்டும்?

ப: இந்தப் "போகப் போக"வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோல் ஷூ அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகாது. செயற்கைத் தோல் அந்தக் கொஞ்சத்துக்கும் கஞ்சம். உங்கள் பாதம் அகலம். கடையில் பார்த்ததோ நீளத்தை மட்டும். "ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்" என்பார்கள், எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்தேன். குதிகால் கழன்று கழன்று வந்தது. இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கி, கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது, முளைக்க மாதக்கணக்கானது. அகலத்துக்கென்றே குறியீடு உண்டு: ஆண்களுக்கு 'டி' சாதாரணம், '2இ', '4இ' அகலம், பெண்களுக்கு 'பி' சாதாரணம், 'டி' அகலம். எல்லா கம்பெனியும் போடுவதில்லை, இருந்தாலும் கேளுங்கள். கடையிலேயே இன்சோலை, அதாவது ஷூவுக்குள் பாதம் படியும் மெத்தையை, உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதம் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கினால் அந்த ஷூ வேண்டாம். ஒரு மாதம் கடித்தது இரண்டாம் மாதமும் கடிக்கும்.

கே: ஷூ வாங்க எந்த நேரத்தில் போவது நல்லது?

ப: மாலையில். அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். வழக்கமாகப் போடும் சாக்ஸோடு போங்கள். எழுந்து நின்றால் நீளமான விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடம் வேண்டும். அது கட்டைவிரலாகத்தான் இருக்கும் என்பதில்லை. பலருக்கு அடுத்த விரல்.

கே: ஆன்லைனில் வாங்கி மூன்று நாள் சேற்றில் நடந்தபின்தான் சைஸ் சரியில்லை என்று தெரிந்தது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். நியாயமா?

ப: நியாயம்தான். வீட்டுக்குள் பத்து நிமிடம் நடந்து பார்க்க என்ன கேடு?

கே: தள்ளுபடியில் வாங்கிய புது ஷூ, முதல் நடையிலேயே அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "நீங்கள் போட்ட விதம் அப்படி" என்கிறார் கடைக்காரர்.

ப: உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. பாலியூரித்தேன் என்ற நுரை பிளாஸ்டிக்கில் செய்த அடிப்பாகம் காற்றின் ஈரம் பட்டுப் பட்டு, பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் சில வருடங்களில் உதிரும். பழைய சரக்கைத் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்றே படுகிறது. ஷூ கயிற்றுக்கு அடியில் இருக்கும் நாக்குப் பட்டையின் உட்புற லேபிளில் தயாரித்த தேதி இருக்கிறதா பாருங்கள். அதையும் உதிர்ந்த அடிப்பாகத்தையும் படமெடுத்து, பில் நகலோடு எழுத்தில் புகார் கொடுங்கள். கடை வாசலில் வாய்ச்சண்டை வேண்டாம், அதில் அவர்கள்தான் ஜெயிப்பார்கள்.

கே: தண்ணீர் புகாத ஷூ ஒன்று வாங்கினால் வெயில், மழை இரண்டுக்கும் ஆகுமா?

ப: வெயிலில் கால் வெந்துவிடும். மழையிலும் மேல்வாய் வழியாக ஒருமுறை தண்ணீர் இறங்கிவிட்டால் லேசில் காயாது. என்னுடையது இரண்டு நாள் ஃபேனடியில் கிடந்தும் காயவில்லை. இப்போது பரணில் இருக்கிறது.