அகச்சிவப்பு ஒளி பட்டதும் புற்றுசெல்லைக் கொல்லும் சாயம் வந்துவிட்டதாமே, உண்மையா? கண் மருத்துவமனையில் போடும் ஐ.சி.ஜி. (இண்டோசயனின் கிரீன்) சாயத்தையே இதற்குப் பயன்படுத்த முடியாதா?

முதல் கேள்விக்கு, உண்மைதான். 2020 செப்டம்பரில் ஜப்பான் அப்படி ஒரு மருந்துக்கு அனுமதி கொடுத்தது. அறுவை செய்து எடுக்க முடியாத, முற்றிய அல்லது திரும்பி வந்த தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு மட்டும். இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. இந்த வகைச் சாயங்களோடு ஆய்வகத்தில் மல்லுக்கட்டியவன் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

இருட்டறையில் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் விரல்கள் சிவப்பாகத் தெரியும். நீலத்தையும் பச்சையையும் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் தப்பித்து வெளியே வருகிறது. ஏறக்குறைய 650 முதல் 900 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளிக்கு உடல் ஓரளவு வழிவிடும். அதைத் தாண்டினால் தண்ணீர் உறிஞ்சத் தொடங்கிவிடும். அண்மை அகச்சிவப்புச் சாயங்களை எல்லோரும் தேடி ஓடுவது இந்தச் சன்னலுக்காகத்தான்.

சரி, சாயம் ஒளியை உறிஞ்சிவிட்டது. அப்புறம் அந்த ஆற்றலை அது என்ன செய்கிறது? ஒளிர்ந்தால் படம் எடுக்கலாம். வெப்பமாக மாற்றினால் செல்லைச் சுடலாம். பக்கத்தில் உள்ள ஆக்சிஜனுக்குக் கைமாற்றினால் செல்லை அரிக்கும் வீரியமான ஆக்சிஜன் உருவாகும். ஒரே சாயம் மூன்றிலும் கெட்டிக்காரனாக இருக்க முடியாது; ஒன்றுக்குப் போகும் ஆற்றல் இன்னொன்றுக்குக் கிடைக்காது.

ஐ.சி.ஜி. 1950களில் கோடாக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவானது. கல்லீரல் பரிசோதனை, கண் ரத்தக்குழாய்ப் படம் என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக மனித உடலில் செலுத்தப்பட்டு, பாதுகாப்பானது என்று பெயர் வாங்கிய சாயம். ஆனால் சிகிச்சைக்கு வரும்போது தகராறு செய்யும். ரத்தத்தில் போனதும் அங்குள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கல்லீரல் வழியாகப் பித்தத்தில் இறங்கிவிடும். மூன்று நான்கு நிமிடங்களில் பாதி காலி. புற்றுசெல்லை அடையாளம் கண்டு ஒட்டும் குணமும் இல்லை. அந்த வீரிய ஆக்சிஜனையும் மிகக் கொஞ்சமாகத்தான் உண்டாக்கும். கரும்பச்சைத் தூளை ஊசிக்கான சுத்தமான நீரில்தான் கரைக்க வேண்டும், உப்புநீரில் கரைத்தால் மூலக்கூறுகள் திரண்டுவிடும். கரைத்த பிறகு ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் விளக்கைக் குறைத்து, ஒவ்வொரு குழாயையும் அலுமினியத் தாளில் சுற்றித்தான் வைப்போம். மறந்து சன்னலோரம் விட்டால் பச்சை நிறம் வெளுத்துப்போயிருக்கும்.

ஜப்பானில் அனுமதி பெற்றதில் இருக்கும் சாயம் வேறு ஜாதி: ஐ.ஆர்.700 என்ற சிலிக்கான் தாலோசயனின். அச்சு மையில் வரும் நீலம் இதற்குச் சொந்தக்காரன்தான். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிசடகா கொபயாஷியின் குழு, புற்றுசெல்லின் மேலுறையில் போய் உட்காரும் எதிர்ப்பொருளோடு (ஆன்டிபாடி) இதைக் கோத்து 2011-இல் வெளியிட்டது. மருந்தை ரத்தத்தில் ஏற்றி, ஒரு நாள் கழித்து 690 நானோமீட்டர் லேசர் அடிக்கிறார்கள். ஒளி பட்டதும் சிலிக்கானின் இரு பக்கமும் நீரில் கரைய உதவிக்கொண்டிருந்த வால்கள் கழன்றுவிடுகின்றன. நீரில் கரைந்து கிடந்த சாயம் சட்டென்று நீரை வெறுக்கிறது, திரள்கிறது, எதிர்ப்பொருளின் வடிவத்தையும் கோணலாக்குகிறது. அந்த இழுபறியில் செல்லின் மேலுறை கிழிந்து, நீர் புகுந்து, நிமிடங்களில் செல் வீங்கி வெடிக்கிறது. எதிர்ப்பொருள் ஒட்டாத பக்கத்துச் செல் பெரும்பாலும் தப்பிக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த வேதியியல் இதுதான்.

ஆய்வுத்தாள்களைப் படிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முக்கால்வாசி எலியில் செய்தவை. எலியின் தோலடிக் கட்டிக்கு ஒளி போய்ச் சேர்வது ஒரு பெரிய விஷயமே இல்லை. மனித உடலில் ஒரு சென்டிமீட்டர் தாண்டுவதற்குள் ஒளியின் பெரும்பகுதி கரைந்துபோகும். அதனால் ஆழமான கட்டி என்றால் ஊசி வழியாக ஒளியிழையைக் கட்டிக்குள்ளேயே செருகி அடிக்கிறார்கள். எட்டக்கூடிய இடம் என்பதால்தான் தலை, கழுத்திலிருந்து தொடங்கினார்கள். சிகிச்சைக்குப் பிறகு வலியும் வீக்கமும் வரும். தொண்டைப் பகுதியில் வீங்கினால் மூச்சுப் பாதைக்கே ஆபத்து. கழுத்துப் பெருந்தமனிக்குள் புற்று புகுந்திருந்தால் இதைச் செய்வதில்லை, ரத்தப்போக்கு உயிரை எடுத்துவிடும். சில வாரங்களுக்கு வெயிலில் தலைகாட்டவும் கூடாது.

ஐ.சி.ஜி.யைக் கொழுப்புக் குமிழிகளிலும் நானோ துகள்களிலும் அடைத்து, கட்டியைச் சுடப் பலரும் முயல்கிறார்கள். படிக்க நன்றாக இருக்கிறது. நானாக இருந்தால் அதை அறுவை மேசையில் விட்டுவிடுவேன்: கல்லீரல் புற்றில் அது தங்கி ஒளிர்வதைப் பார்த்து, எங்கே வெட்டுவது என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். அந்த வேலையில் அதற்கு நிகர் இல்லை.