சீன விருந்தினரின் குடும்பப் பெயர் எது?

பெய்ஜிங், ஹாங்காங், லண்டனிலிருந்து வரும் விருந்தினர்களுக்குப் பெயர் அட்டை தயாரிக்கிறேன், யாரை எப்படி அழைப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

சீனாவில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். கூடைப்பந்து வீரர் யாவ் மிங், 'மிஸ்டர் யாவ்'. ஆனால் மின்னஞ்சலில் பலர் ஆங்கில வழக்கப்படி வரிசையைத் தாங்களே மாற்றிவிடுவார்கள்; குழப்பம் அங்கேதான். ஒரு பகுதி ஓரசை (ஒரே syllable), மற்றது ஈரசை என்றால் பெரும்பாலும் ஓரசைதான் குடும்பப் பெயர்: 'ஜின்பிங் ஷி' என்று வந்தாலும் ஷிதான். ஓயாங், சிமா போன்ற ஈரசைக் குடும்பப் பெயர்கள் விதிவிலக்கு. இரண்டுமே ஓரசையானால் ஊகிக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஹாங்காங்காரர்களிடம் ஆங்கிலப் பெயரும் சேரும். நடிகர் டோனி லியுங் சியு-வாய் பெயரில் குடும்பப் பெயர் நடுவில் நிற்கிறது. எக்செல் பட்டியலில் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகப் பிரித்தால் 'மிஸ்டர் சியு-வாய்' என்று அச்சாகிவிடும். ஒவ்வொரு வரியையும் கண்ணால் பாருங்கள், தயவுசெய்து.

சீனப் பெருநிலத்தில் பெண்கள் திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றுவதில்லை. யாவின் மனைவிக்கு 'மிஸஸ் யாவ்' என்று அட்டை அடிக்காதீர்கள். அவரது சொந்தக் குடும்பப் பெயரோடு 'மிஸ்' (Miss) வேண்டாம், 'மிஸ்.' (Ms.) என்ற பொது அடைமொழியும் வேண்டாம், முழுப் பெயரே போதும்.

லண்டன்காரர்களில் 'சர்' பட்டம் உள்ளவருக்கு இயற்பெயர்தான் சேரும்: வேர்ல்டு வைட் வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ என்றால் 'சர் டிம்' சரி, 'சர் பெர்னர்ஸ்-லீ' தவறு.