விமானம் ஏறும் முன் கோரிக்கை பதிவாகட்டும்

கேள்வி: சிங்கப்பூரில் கட்டுமான வேலை செய்கிறேன். ஊரில் ஏஜெண்டுக்கு நான்கு லட்சம் ரூபாய் கட்டி வந்தேன். மூன்று மாதச் சம்பளமும் ஓவர்டைம் பணமும் பாக்கி இருக்கிறது. கேட்டதற்கு சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் கேவலமாகத் திட்டினார். இப்போது பெர்மிட்டை ரத்து செய்து அடுத்த வாரம் டிக்கெட் போட்டுவிட்டார்கள். ‘பாக்கி எதுவும் இல்லை’ என்று எழுதிய தாளில் கையெழுத்து கேட்கிறார்கள். தங்குவிடுதியை விட்டு வெளியேறி, தெரிந்தவர் சைட்டில் வேலை செய்துகொண்டே கேஸ் நடத்தலாம் என்று நண்பர் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு நேர்ந்த அவமானத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் அதை வைத்து இப்போது எதையும் பெற முடியாது. ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தையும் சிங்கப்பூர் முதலாளியிடம் கேட்க வழியில்லை. அதற்கான புகாரை இந்தியாவில் தனியாகக் கொடுக்க வேண்டும். பெர்மிட் ரத்தானதை எதிர்த்து நிற்பதிலும் பயனில்லை, ஏனென்றால் அதை ரத்து செய்யும் உரிமை முதலாளிக்கு உண்டு. சட்டத்தின் முன் எடுபடுவது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் விமானம் ஏறும் முன்பாகச் சம்பளக் கோரிக்கை பதிவாகியிருக்கிறதா, இல்லையா?

வேலை முடிந்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் பதிவு செய்யலாம் என்று சட்டம் காலம் கொடுத்திருப்பது உண்மை. அதை நம்பி ஊருக்குப் போய்விட்டு, அங்கிருந்து கோரிக்கையை நடத்திவிடலாம் என்று எண்ணியவர்களில் பெரும்பாலோர் பாதியிலேயே கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே நாளைக்கே, சம்பளத் தகராறுகளைப் பேசித் தீர்த்துவைக்கும் டி.ஏ.டி.எம். (TADM) சமரச அமைப்பில் பதிவு செய்யுங்கள். வேலைக்கு முன்கூட்டியே ஒப்புதல் தரும் ஐ.பி.ஏ. (IPA) கடிதத்தில் உள்ள அடிப்படைச் சம்பளம், வங்கிக் கணக்கு விவரம், வேலை நேர அட்டையின் படங்கள் ஆகியவை கையில் இருக்கட்டும். அந்தத் தாளில் கையெழுத்திடாதீர்கள். கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்று பின்னர் நிரூபிப்பது, இப்போது மறுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

இனி உங்கள் நண்பரின் யோசனைக்கு வருகிறேன், ஏனெனில் என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது அதுதான். கோரிக்கை பதிவாகி, அது தீரும் வரை நீங்கள் இங்கே இருக்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு கருதினால் உங்களுக்கு ஸ்பெஷல் பாஸ் கிடைக்கும். அந்தக் காலத்தில் உங்கள் உணவுக்கும் தங்குமிடத்திற்கும் முதலாளியே பொறுப்பு. ஆனால் ஸ்பெஷல் பாஸ் என்பது தங்குவதற்கான அனுமதி மட்டுமே. அமைச்சு தனியாக அனுமதி தந்தால் ஒழிய, அதை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது. மீறினால் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ, இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். என்னிடம் வந்த ஒருவர், வலுவான சம்பளக் கோரிக்கையைக் கையில் வைத்திருந்தவர், வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியவில்லையே என்ற தவிப்பில் ஒரு சமையலறையில் சில நாட்கள் பாத்திரம் கழுவப் போய்ச் சோதனையில் பிடிபட்டார். அதுவரை முறையிட வந்தவராக இருந்தவர் அன்றிலிருந்து குற்றம் சாட்டப்பட்டவரானார்.

கோரிக்கையும் பதிவு செய்யாமல், பாஸும் இல்லாமல், விடுதியை விட்டு மறைந்துவிடுவது இதைவிட மோசம். அனுமதி முடிந்த பின் 90 நாட்களுக்கு மேல் தங்கினால் சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படியும் உண்டு. ‘சம்பளம் தரவில்லை, அதனால்தான் ஒளிந்தேன்’ என்பது நீதிமன்றத்தில் தற்காப்பு ஆகாது. அதன் பிறகு மறுபடியும் இந்த நாட்டுக்கு வேலைக்கு வரும் வாய்ப்பும் பெரும்பாலும் போய்விடும்.

அடுத்து, கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று. சமரசப் பேச்சில் முதலாளி நியாயமான தொகை ஒன்றை முன்வைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். சமரசம் முறிந்தால் வேலை தொடர்பான கோரிக்கைகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்திற்குப் போகலாம். அங்கே வழக்கறிஞர் யாரும் வர முடியாது என்பதால் உங்கள் தரப்பை நீங்களே பேச வேண்டும், அதுவரை வருமானம் இல்லாமல் மாதங்கள் ஓடும். முழுத் தொகைக்கும் உத்தரவு பெற்ற ஒருவர், அதற்குள் கம்பெனி பணமில்லாமல் முடங்கிப்போனதால், அந்தத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். கோரிக்கையில் எழுபது சதவீதம் இன்றைக்கே வங்கிக் கணக்கில் வந்து சேருமானால், அடுத்த ஆண்டு வரக்கூடிய நூறு சதவீதத்தைவிட அதுவே மேல் என்பது என் கருத்து. மாதத் தவணை என்றால் சம்மதிக்காதீர்கள். ஊருக்குப் போன பிறகு இரண்டாவது தவணையை யாரிடம் கேட்பீர்கள்? பணம் முழுவதும் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே பயணம் என்று உடன்பாட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த உடன்பாட்டை மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டால், முதலாளி தவறும்போது நீதிமன்ற உத்தரவைப் போலவே அதை நிறைவேற்றக் கோரலாம்.

இதற்கெல்லாம் அவகாசம் தராமல் உங்களை வண்டியில் ஏற்றிச் சாங்கி விமான நிலையத்திற்குக் கொண்டுபோனால், அழைத்துச் செல்பவர்களோடு கைகலப்பில் இறங்காதீர்கள். குடிநுழைவு (இமிக்ரேஷன்) முகப்பில் கடவுச்சீட்டை நீட்டும்போது, ‘எனக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறது, மனிதவள அமைச்சிடம் பேச வேண்டும்’ என்று அங்குள்ள அதிகாரியிடம் உரக்கச் சொல்லுங்கள். அந்த முகப்பைத் தாண்டிய பிறகு சொல்வதற்கு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.